வலப்பக்கம் புரண்டு படுத்தா மட்டும் வீடே சுத்துது: காதுக்கு அப்படி என்னதான் தெரியும்?

#1 தாமிரபரணிக்காரி

எங்கம்மாவுக்கு 63 வயசு. பத்து நாளா ஒரே கூத்து. விடியக்காலம் எந்திரிக்கலாம்னு வலப்பக்கமா புரளுவாங்க. உடனே "ஏட்டி, வீடு சுத்துது, புடி புடி"ன்னு கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிடுவாங்க. அரை நிமிஷம் இருக்கும், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி எந்திரிச்சு காப்பி போடப் போயிருவாங்க. இடப்பக்கம் புரண்டா எதுவும் இல்ல. பரண்ல இருக்கிற டப்பாவை எடுக்க அண்ணாந்து பாத்தாலும் வருது.

ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். கழுத்தெலும்பு தேய்மானம்னு சொல்லி எக்ஸ்ரே எடுத்து, கழுத்துப் பட்டையும் மாத்திரையும் கொடுத்தாங்க. பட்டையை மாட்டிக்கிட்டே புரண்டாங்க, சுத்திச்சு. பிரஷர் சரியா இருக்கு, சுகரும் சரி. சித்தி வந்து "பித்தம் தலைக்கேறிட்டு"ன்னுட்டா. அண்ணன் பையன் "இது காதுக் கோளாறு அத்தை"ங்கான். அம்மாவுக்குக் காது நல்லாக் கேக்குதே! அடுத்த தெருவுல எங்களைப் பத்திப் பேசுனாக்கூடக் கேக்கும். கேக்குற காதுக்கும் சுத்துற தலைக்கும் என்னய்யா சம்பந்தம்?

#2 பிசியோ_மணி

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட். தலைசுற்றலோட வர்றவங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்: பேச்சு குழறுறது, ஒரு பக்கம் கை கால் விளங்காம போறது, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுறது, நிக்கவே முடியாம ஒரு பக்கமா சாயுறது, திடீர்னு ஒரு காது அடைச்சுக் கேக்காம போறது. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா இந்தப் பதிவுகளைப் படிச்சிட்டு உட்காராம உடனே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

அதெல்லாம் இல்லன்னா, நீங்க சொல்ற கதை எங்களுக்குப் பழகின கதை. படுக்கையில புரளும்போது வரும், ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்கும், ஒரு பக்கம் மட்டும் வரும். காதுக்குள்ள கல்லு இடம் மாறியிருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டுங்க. நேர்ல பார்க்காம நான் முடிவு சொல்லக் கூடாது.

#3 கேள்விநாயகம்

கிட்னில கல்லு கேள்விப்பட்டிருக்கேன், பித்தப்பையில கல்லு கேள்விப்பட்டிருக்கேன். அரிசியிலயும் பார்த்திருக்கேன். காதுலயுமா? எனக்கும் இருக்கா?

#4 பிசியோ_மணி

உங்களுக்கும் இருக்கு ப்ரோ, எனக்கும் இருக்கு. இல்லன்னாதான் கவலைப்படணும்.

#5 ரிட்டயர்டு_வாத்தியார்

32 வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் இந்தக் கேள்வியைச் சும்மா விட முடியவில்லை. கல்லுக்குப் பிறகு வருகிறேன், முதலில் தண்ணீர்.

வீட்டில் பித்தளைச் சொம்பு இருந்தால் முக்கால் பாகம் தண்ணீர் பிடித்து, மேலே ஒரு துளசி இலையை மிதக்க விடுங்கள். சொம்பைச் சட்டென்று கால் வட்டம் திருப்புங்கள். சொம்பு திரும்பும், இலை நின்ற இடத்திலேயே நிற்கும். தண்ணீருக்கு அவ்வளவு சோம்பல். அதற்குத்தான் நிலைமம் என்று பெயர். இப்போது உங்களைச் சொம்பின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் எறும்பாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே நடப்பது எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடுவது தெரியும். அதை வைத்தே "சொம்பைத் திருப்புகிறார்கள்" என்று சொல்லிவிடலாம்.

காதுக்குள் அந்தச் சொம்பு ஒரு வளையக் குழாய். குறுக்களவு ஏறக்குறைய 6, 7 மில்லிமீட்டர்தான். பாடப்புத்தகத்தில் அரைவட்டக் கால்வாய் என்று போட்டிருப்பார்கள். ஒவ்வொரு காதிலும் மூன்று உண்டு. அறையின் மூலையில் தரையும் இரண்டு சுவர்களும் சந்திக்கிற மாதிரி ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும். "இல்லை" என்று தலையாட்டினால் படுத்திருக்கிற கால்வாய் பார்த்துக்கொள்ளும். மற்ற இரண்டும் குறுக்காக நிற்பதால் "ஆமாம்" என்று தலையசைக்க அவை கூட்டுச் சேர வேண்டும். நம் ஊர் "சரி சரி" தலையாட்டல் இருக்கிறதே, தோளுக்குத் தோள் சாய்ப்பது, அதற்கும் அந்த இரண்டுதான். உள்ளே இருக்கிற திரவத்தின் பெயர் எண்டோலிம்ஃப். ஒவ்வொரு வளையத்திலும் ஓரிடம் புடைத்திருக்கும். அங்கே நுங்குச் சதை மாதிரி ஒரு தடுப்பு குறுக்கே நிற்கிறது, பெயர் கப்யூலா. அதன் அடியில் மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. அவைதான் நம் எறும்பு. திரவம் பின்தங்கினால் தடுப்பு வளையும், மயிரிழை சாயும், நரம்புக்குச் செய்தி போகும்.

சொம்பைக் கீழே வைத்துவிடாதீர்கள். விடாமல் சுற்றிக்கொண்டே இருங்கள்.

#6 கேள்விநாயகம்

சார், வீட்ல பித்தளைச் சொம்பு இல்ல, எவர்சில்வர்தான். துளசிக்குப் பதிலா கறிவேப்பிலை. அரை நிமிஷம் சுத்தினதும் இலையும் சொம்போடவே சுத்த ஆரம்பிச்சிடுச்சு. நிறுத்தினேன், இலை மட்டும் நிக்காம சுத்துது. தரையெல்லாம் தண்ணி. இப்ப திட்டு வாங்கிட்டிருக்கேன்.

#7 ரிட்டயர்டு_வாத்தியார்

அதேதான்! சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். கையை விரித்துக்கொண்டு சுற்றும்போது அவ்வளவாக ஒன்றும் தெரியாது. நின்றதும்தான் திண்ணை, தென்னை, கோயில் கோபுரம் எல்லாம் ஓடும். சுற்றிக்கொண்டே இருக்கும்போது திரவமும் உங்கள் வேகத்தைப் பிடித்துவிடும். தடுப்பு நிமிர்ந்துவிடும், மூளைக்குப் போகிற செய்தி "ஒன்றும் நடக்கவில்லை". நீங்கள் நின்றதும் திரவம் நிற்காது, தடுப்பு மறுபக்கம் வளையும். செய்தி "எதிர்ப்பக்கம் சுற்றுகிறோம்". உடம்பு அசையாமல் நிற்கிறது, காது அடித்துச் சத்தியம் செய்கிறது.

அதாவது காதுக்கு வேகம் தெரியாது. வேகம் மாறுவதுதான் தெரியும். பேருந்து சீராக ஓடும்போது கண்ணை மூடினால் நின்றிருக்கிற மாதிரியே இருப்பதும், பிரேக் போட்டால் மட்டும் விழித்துக்கொள்வதும் அதனால்தான்.

#8 ஆழியாறு_ஸ்டீயரிங்

பஸ்ஸுன்னு சொன்னதும் வந்துட்டேனுங்க. வால்பாறை ரூட்ல வருஷக்கணக்கா ஓட்டறவன். 40 கொண்டை ஊசி வளைவுங்க. ஒம்பதாவது வளைவு தாண்டறதுக்குள்ள பின்னாடி சீட்ல "அண்ணா, கவர் இருக்குதா"ன்னு ஒரு குரல் வரும். எனக்கு ஒரு நாளும் வந்ததில்லீங்க. ஆனா லீவுல அதே ரோட்ல வேறொருத்தர் ஓட்ட, நான் பின்னாடி உட்கார்ந்து போன்ல மூஞ்சிய வெச்சுட்டு வந்தேன். ஆழியாறு வர்றதுக்குள்ள எலுமிச்சம்பழம் கேட்கற நிலைமைக்கு வந்துட்டேன். மானம் போச்சுங்க. அதே காதுதானுங்களே?

#9 பிசியோ_மணி

அதே காதுதாண்ணே. ஸ்டீயரிங் கையில இருக்கும்போது எந்த வளைவுல எப்படித் திரும்பப் போறோம்னு மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டு வெச்சிருக்கும். காது சொல்றதும் கண்ணு பார்க்கிறதும் அந்தக் கணக்கோட ஒத்துப்போகும். பின் சீட்ல போன் பார்க்கும்போது கண்ணு "எழுத்து அசையலையே"ங்குது, காது "வளைஞ்சு வளைஞ்சு போறோம்"ங்குது. ரெண்டு பேரும் சண்டை போட்டா பலி வயிறு. முன் சீட்ல உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்றது இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான்.

#10 சைகைமொழி

காது கேளாதவர்களுக்கு சைகை மொழிபெயர்ப்பு செய்பவள் நான். இதைப் பற்றி எங்களுக்குள் ஓடுகிற ஒரு கதை உண்டு, கட்டுக்கதை அல்ல. 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் சேர்ந்து, காது கேளாதவர்கள் படிக்கிற காலடெட் கல்லூரியிலிருந்து 11 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் காது கேளாதவர்கள். அவர்களில் 10 பேருக்குச் சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலால் கேட்கும் சக்தியோடு உட்செவியின் சமநிலை உறுப்பும் போய்விட்டிருந்தது. விண்வெளிக்குப் போனால் மனிதனுக்குக் குமட்டுமா என்று தெரிய வேண்டும். அதற்கு, குமட்டவே குமட்டாதவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

20 அடி அகல அறை ஒன்றை மெதுவாகச் சுற்றவிட்டு, சிலரை அதற்குள் 12 நாள் குடிவைத்தார்கள். நோவா ஸ்கோஷியா கடலில் கொந்தளிப்பு நேரத்தில் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர்கள் சீட்டாடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கூடப் போன ஆராய்ச்சியாளர்கள் வாந்தியெடுத்துச் சுருண்டு, சோதனையையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. "குறை" என்று எதைச் சொல்கிறோம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீட்டாட்டம்தான் ஞாபகம் வரும்.

#11 கேள்விநாயகம்

அப்ப அந்த உறுப்பு இல்லாம இருக்கிறதே நிம்மதிதானே? வால்பாறைக்கு ஜாலியா போகலாம்.

#12 பிசியோ_மணி

இல்ல ப்ரோ. கையில இருக்கிற போன்லயே சோதிச்சுப் பாருங்க. தலையை அசைக்காம போனை மட்டும் வேகமா இடம் வலமா ஆட்டுங்க, வினாடிக்கு ரெண்டு மூணு தடவை. எழுத்து கலங்கிடும். இப்ப போனை அசையாமப் பிடிச்சுக்கிட்டு, அதே வேகத்துல தலையை ஆட்டுங்க. படிக்க முடியுது, இல்லையா? தலை இடப்பக்கம் போனா, கண்ணு அதே அளவு வலப்பக்கம் போகுது. கண்ணு தானா பார்த்துத் திருத்தணும்னா வினாடியில பத்துல ஒரு பங்கு ஆகும். காதுலேர்ந்து கண் தசைக்குப் போற குறுக்குவழி நூத்துல ஒரு பங்குலயே வேலையை முடிச்சிடும். நம்ம உடம்புல இருக்கிற வேகமான அனிச்சைச் செயல்கள்ல இதுவும் ஒண்ணு.

இது போனவங்களுக்கு என்ன ஆகும்? 1952ல ஒரு அமெரிக்க டாக்டர் தன் கதையைத் தானே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டு ரெண்டு காதோட சமநிலை உறுப்பும் செத்துப்போச்சு. படுத்துக்கிட்டு புஸ்தகம் படிச்சா, நாடித்துடிப்பு ஒவ்வொண்ணுக்கும் எழுத்து துள்ளுமாம். கட்டில் தலைமாட்டுக் கம்பி ரெண்டுக்கு நடுவுல தலையை முட்டுக்கொடுத்து வெச்சுத்தான் படிச்சாராம். இன்னைக்கும் அதே வகையைச் சேர்ந்த ஜென்டாமைசின் மாதிரி மருந்துகளை டாக்டர் சொன்ன அளவுக்கு மேல ஒரு நாள்கூடப் போட்டுக்காதீங்கன்னு நான் கத்துறது அதனாலதான்.

#13 தாமிரபரணிக்காரி

எல்லாம் சரி, எங்கம்மா கல்லு என்னாச்சு? எங்கம்மா தட்டாமாலையும் சுத்தல, வால்பாறைக்கும் போகல. சும்மா புரண்டு படுத்தாங்க.

#14 ரிட்டயர்டு_வாத்தியார்

மன்னிக்க வேண்டும் அம்மா, வகுப்பு நீண்டுவிட்டது.

சுழற்சிக்குக் கால்வாய். ஈர்ப்பு விசைக்கும் நேர்கோட்டில் வேகம் மாறுவதற்கும் வேறு இரண்டு பைகள் இருக்கின்றன, யூட்ரிக்கிள், சாக்யூல். அவற்றில் மயிரிழைகளின் மேல் ஒரு பிசின் படுகை, அந்தப் படுகையின் மேல் பொடிப்பொடியாகக் கால்சியம் கார்பனேட் படிகங்கள். சுண்ணாம்புக்கல் எதுவோ, அதே பொருள். ஒரு படிகம் ஏறக்குறைய மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனம். தலையைச் சாய்த்தால் கல் பாரம் ஒரு பக்கம் இழுக்கும், மயிரிழை சாயும், "தலை சாய்ந்திருக்கிறது" என்று மூளைக்குத் தெரியும். லிஃப்ட் கிளம்பும்போது வயிற்றில் ஜிவ்வென்று ஒன்று வருகிறதே, அந்தச் செய்தியும் இந்தக் கல்லிலிருந்துதான்.

கல் அங்கே இருக்கும்வரை நல்லது. வயதாக ஆகப் பிசின் பிடி தளர்ந்து சில படிகங்கள் கழன்றுவிடும். தலையில் அடிபட்டாலும் நடக்கும். கழன்றவை பெரும்பாலும் பின்பக்கக் கால்வாய்க்குள் போய் விழும், பள்ளமான இடம் அது. கால்வாய்க்கு ஈர்ப்பு விசை பற்றி எதுவும் தெரியக் கூடாது, அது அதன் பாடத்திட்டத்திலேயே இல்லை. உங்கள் அம்மா வலப்பக்கம் புரளும்போது அந்தப் பொடி குழாய்க்குள் சரிந்து விழுகிறது. விழும்போது ஊசிக்குழலின் உலக்கை மாதிரித் திரவத்தைத் தள்ளுகிறது, தடுப்பு வளைகிறது. தலை நின்ற பிறகும் "சுற்றுகிறோம், சுற்றுகிறோம்" என்று செய்தி. பொடி அடியில் தங்கியதும் அடங்கிவிடும். அரை நிமிடக் கணக்கு அதுதான். கழுத்துப் பட்டை கழுத்தைத்தான் பிடிக்கும், புரளும்போது தலை மொத்தமாகத் திரும்புவதை எது பிடிக்கும்?

#15 சுண்டைக்காய்

எங்க ஆச்சி காதுல நல்லெண்ணெய் காய்ச்சி ஊத்தினா தலைசுத்தல் நிக்கும்பாங்க. ஊத்தலாமா?

#16 ரிட்டயர்டு_வாத்தியார்

ஊற்றாதீர்கள். செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் உள்ளே போகாது. சமநிலை உறுப்பு அதற்கும் அப்பால், எலும்புக்குள் இருக்கிறது.

ஆனால் காதில் எதையாவது ஊற்றினால் தலைசுற்றும் என்பதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். ஆற்றில் முங்கும்போது ஒரு காதில் மட்டும் குளிர்ந்த நீர் புகுந்தால் கிறுகிறுவென்று வருமே, அதுதான். வியன்னாவில் ராபர்ட் பாராணி என்ற டாக்டர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார். தலைசுற்றும், கண்மணி துடிக்கும். ஒருவர், தண்ணீர் சூடு பற்றாததால்தான் சுற்றுகிறது என்றார். நர்ஸைக் கூப்பிட்டுச் சூடான தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னால், இப்போது சூடு அதிகம், மறுபடி சுற்றுகிறது என்றார். கண் துடிப்பு இந்தத் தடவை எதிர்ப்பக்கம்! உடம்புச் சூட்டில் இருக்கிற தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாராணிக்குப் பிடிபட்டுவிட்டது: சூடான திரவம் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், கால்வாய்க்குள் நீரோட்டம் உண்டாகும். 1914க்கான பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது முதல் உலகப் போரில் பிடிபட்டு ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். ஸ்வீடன் இளவரசர் ஒருவர் தலையிட்டு 1916இல் விடுவித்தார்கள்.

#17 செயற்கைக்கோள்

வாத்தியார் சார், ஒரு சின்னத் திருத்தம். சூடு ஏறும், குளிர் இறங்கும் என்பதற்கு ஈர்ப்பு விசை வேண்டும். 1983இல் ஸ்பேஸ்லாப்-1 விண்வெளிப் பயணத்தில் எடையற்ற நிலையிலேயே காதைச் சூடாக்கிப் பார்த்தார்கள். அப்போதும் கண் துடித்தது. ஆக பாராணி சொன்ன நீரோட்டம் மட்டுமே காரணம் இல்லை. சூட்டில் திரவம் விரிவது, நரம்பே சூட்டை உணர்வது என்று வேறு காரணங்களையும் சொல்கிறார்கள்.

#18 ரிட்டயர்டு_வாத்தியார்

32 வருடம் இதே விளக்கத்தைத்தான் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரையில் நீரோட்டத்தின் பங்குதான் பெரிது. படுத்திருப்பவரைக் குப்புறப் போட்டால் கண் துடிப்பு திசை மாறுகிறதே. பாராணிக்கு முழுச் சுழி போட மாட்டேன், பாதி மார்க்காவது உண்டு.

#19 செயற்கைக்கோள்

பாதி என்ன சார், முக்கால் போடுங்கள் :)

#20 பழைய_ஹேங்கர்

விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். காதை நம்பினால் என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது 1978 ஜனவரி 1ஆம் தேதி நடந்ததைச் சொல்வார்கள். பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா 855, போயிங் 747. இரவு, கீழே இருண்ட கடல், அடிவானம் தெரியவில்லை. கேப்டன் முன்னால் இருந்த, விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி பழுதாகி வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. அவர் இடப்பக்கம் திருப்பினார், திருப்பிக்கொண்டே போனார். கிளம்பி இரண்டு நிமிடத்துக்குள் பாந்த்ரா கடற்கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

#21 கேள்விநாயகம்

அது கருவிக் கோளாறுதானே? காது எங்க வருது?

#22 பழைய_ஹேங்கர்

கருவிதான் முதல் காரணம், மறுக்கவில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது ஒரு பக்கம் சாய்த்தால் கண்ணை மூடிக்கொண்டே தெரிகிறதே, 747 அவ்வளவு சாய்ந்தது விமானிக்கு ஏன் தெரியவில்லை என்று கேளுங்கள். திரும்புகிற விமானத்தில் ஈர்ப்பு விசையும் திரும்பும் விசையும் கூடி விமானத்தின் தரைப்பக்கமாகவே இழுக்கும். டிரேயில் இருக்கிற டீ தளும்பாது. டீக்குத் தெரியாதது காதுக்குள் இருக்கிற கல்லுக்கும் தெரியாது, அது நேராக இருப்பதாகவே நினைக்கும். கால்வாயும் சில வினாடிகளில் சீரான திருப்பத்தை மறந்துவிடும். வாத்தியார் சொம்பு சொன்னாரே, அதுதான். அடிவானமும் இல்லை, கருவியும் பொய் என்றால் காது மட்டும் தனியாக நின்று காப்பாற்றாது. அதனால்தான் ஒரு கருவி மாறுபட்டால் உடனே மற்ற கருவிகளோடு ஒப்பிட்டுப் பார் என்று தலையில் அடித்துச் சொல்லித் தருகிறார்கள்.

#23 தாமிரபரணிக்காரி

நேத்து காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போயிட்டு வந்தோம். நடந்ததை அப்படியே எழுதுதேன், யாருக்காச்சும் உதவும்.

அம்மாவை நீளவாக்குல கட்டில்ல உட்கார வெச்சு, தலையை வலப்பக்கம் பாதி திருப்பி, சட்டுன்னு மல்லாக்க சாய்ச்சாங்க. தலை கட்டில் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தொங்குது. "கண்ணை மூடாதீங்கம்மா"ன்னு டாக்டர் சொல்லிட்டே இருக்காங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, ஒண்ணும் இல்ல. நானே "சரியாப் போயிட்டுப் போல"ன்னு நெனச்சேன். அப்ப அம்மா "யாத்தே!"ன்னு கத்துனாங்க. கண்ணைப் பாத்தேன். கருமணி ரெண்டும் தானா துடிக்குது. சும்மா இடவலமா இல்ல, வலது காதுப் பக்கமா முறுக்கி முறுக்கி மேல எத்துது. எனக்கு உடம்பே சிலிர்த்துட்டு. பிறகு தானாவே அடங்கிட்டு.

டாக்டர் "இதான்"ன்னுட்டு அப்படியே தலையை மெதுவா இடப்பக்கம் திருப்பி வெச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு உடம்போட சேர்த்து இடப்பக்கமா உருட்டி, மூக்கு தரையைப் பாக்குற மாதிரி. திரும்ப காத்திருப்பு. கடைசியா மெதுவா உட்கார வெச்சாங்க. மொத்தம் அஞ்சு நிமிஷம்கூட இல்ல. ஊசி இல்ல, மாத்திரையும் இல்ல.

#24 பிசியோ_மணி

சூப்பர் அக்கா! முதல்ல பண்ணது டிக்ஸ்-ஹால்பைக் சோதனை, 1952லேர்ந்து இருக்கு. அந்த மூணு வினாடி தாமதம்தான் பெரிய துப்பு, பொடி நகர்ந்து விழ நேரம் எடுக்குது இல்லையா. ரெண்டாவது பண்ணது எப்லி முறை. ஜான் எப்லின்னு அமெரிக்காவில ஓரிகன் மாகாணத்து டாக்டர் 1980ல சொன்னப்ப, சக டாக்டர்களே சிரிச்சாங்க. தலையை உருட்டினா வியாதி போகுமான்னு. 1992லதான் அவரோட கட்டுரை வெளிவந்தது, பிறகு உலகமே பண்ணுது. அந்தப் புதிர் விளையாட்டுல குண்டை வளைவு வளைவா உருட்டிக் குழியில விழ வைப்போமே, அதே வேலை. வளையத்துல இருந்து உருட்டி, கல்லு வந்த பைக்கே திருப்பி அனுப்புறாங்க. சிலருக்கு ரெண்டு மூணு தடவை பண்ண வேண்டியிருக்கும். திரும்ப வரவும் செய்யலாம், பயப்பட வேண்டாம், திரும்பவும் உருட்டிக்கலாம். ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் மிதக்கிற மாதிரி இருந்தா அது சகஜம்.

#25 தாமிரபரணிக்காரி

இன்னைக்குக் காலையில அம்மா கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டே மெள்ள மெள்ள வலப்பக்கம் புரண்டாங்க. சுத்தல. இடப்பக்கம் புரண்டு, திரும்ப வலப்பக்கம் புரண்டாங்க. அப்புறம் சும்மா இருக்க மாட்டாம பரணை அண்ணாந்து பாத்து டப்பாவையும் எடுத்தாச்சு.

ஆனா ஒரு சந்தேகம் தீரல அவங்களுக்கு. "கிட்னிக் கல்லுன்னா வெளிய வந்துரும், கையில எடுத்துக் காட்டுவாங்க. இது அந்தம்மா தலையை நாலு பக்கம் திருப்பிட்டு கல்லைக் காட்டவே இல்லையே, எங்க போட்டாங்க?"ன்னு காலையிலேர்ந்து கேட்டுட்டு இருக்காங்க. மணி தம்பி, என்ன சொல்ல?

#26 பிசியோ_மணி

பைக்குள்ளயே கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிடும்னு சொல்லுங்க அக்கா. காட்டணும்னா மைக்ராஸ்கோப் வேணும்.

#27 தாமிரபரணிக்காரி

சொன்னேன். "அப்ப சுண்ணாம்பு தானே, வெத்தலையில கம்மியாப் போட்டுக்கிடுதேன்"ங்காங்க. யாராவது வந்து இவங்ககிட்டப் பேசுங்கய்யா.